வதனிக்கு நாலு உறவுமுறை

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
12.2.2024

அன்புள்ள அச்சுதா,

வைத்தீஸ்வரன் உனக்குப் போனில் சொன்னது தவறு. வதனியை நான் போலீஸில் காட்டிக் கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அது தெரியாத மனிதர் நம் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நான் நலம். படியிறங்கும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. நீயும் ரோஹிணியும் எப்படி இருக்கிறீர்கள்? நாக்பூரில் குளிர் விட்டுவிட்டதா?

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். உன் வீட்டில் குடியிருப்பவளைப் பற்றி உனக்கே எழுதுவது விந்தைதான். ஆனால் வைத்தீஸ்வரன் கலக்கிய பிறகு முதலிலிருந்து சொல்வதுதான் நல்லது.

வதனி வவுனியாக்காரி. விசாரணைக்கென்று அழைத்துப் போகப்பட்ட அவள் தம்பி திரும்பி வரவில்லை. அந்த வழக்கில் சாட்சி சொன்னவள் இவள் ஒருத்திதான். அதன் பிறகு வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். விமானத்தில், விசாவோடு, சொந்தப் பெயரில் இங்கே வந்தாள். வந்தவுடன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயர், ஊர், உன் வீட்டு முகவரி எல்லாம் கொடுத்து, திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மனுப் போட்டாள். அந்த மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஒளிந்து வாழ்பவள் இதையெல்லாம் செய்வாளா?

போன வியாழக்கிழமை இரண்டாம் மாடி ப்ரியாவின் பாஸ்போர்ட் விஷயமாக ஒரு போலீஸ்காரர் வந்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போகிற வழக்கமான வேலை. தண்ணீர் கேட்டார். வதனிதான் கொண்டுவந்து கொடுத்தாள். “இந்தாங்கோ ஐயா” என்றாள். அவ்வளவுதான்.

“ஏம்மா, நீ எந்த ஊரு? பேச்சு ஒரு மாதிரி கீதே” என்றார்.

வதனி வாயைத் திறந்தாள். அதற்குள் வைத்தீஸ்வரன் குறுக்கே வந்து, “மாமியோட அண்ணா பேத்தி சார், நாகர்கோவில்” என்றார். படி பெருக்கிக்கொண்டிருந்த தனம் அதே மூச்சில், “மாமியோட தங்கச்சி மருமவ சார், இப்பதான் கட்டிக்கினு வந்துக்குது” என்றாள். ப்ரியா மேலிருந்து எட்டிப் பார்த்து, “கேரளா சைடு கசின் சார், அதான் ஸ்லாங் அப்படி” என்றாள். கீழ்வீட்டு அந்தோணிசாமி பாவம், கடைசியாக வந்தவர், “மாமாவோட பெரியப்பா வழி” என்றார். உன் அத்திம்பேருக்குப் பெரியப்பாவே கிடையாது.

நான் இறங்கி வருவதற்குள் வதனிக்கு நாலு உறவுமுறை ஆகிவிட்டது. அந்தப் போலீஸ்காரர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என்னிடம் திரும்பினார். நான் சொன்னேன்: “எனக்கு அண்ணாவும் இல்லை, தங்கையும் இல்லை. இவள் எனக்குச் சொந்தமில்லை. எதிர் வீடு என் தம்பியுடையது, அதில் குடியிருக்கிறாள். இலங்கைப் பெண். பதிவு அலுவலகத்தில் எல்லாம் கொடுத்திருக்கிறாள், விசாரித்துக்கொள்ளுங்கள்.”

அவர் போன பிறகு வைத்தீஸ்வரன் கையைத் தட்டிக்கொண்டார். “நாலு பேர் சேர்ந்து காப்பாத்தினோம், நீங்க ஒருத்தர் கவுத்துட்டேளே மாமி!”

இதுதான் நடந்தது. அவள் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம் முடிந்து போன ஏப்ரலிலேயே காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொன்னேன். “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, பேப்பர் எதுக்கு அக்கா” என்றாய். இப்போது வேண்டியிருக்கிறது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பு.

உன் அக்கா,
காமு

*

நாக்பூர்
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் தபால்காரர் என் பெயரைக் கூப்பிடுவது உன் ஒருத்தியால்தான். ரோஹிணிக்கு இடுப்பு வலி, ஒத்தடம் கொடுக்கிறாள். எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டதாம், கோடையில் ஆபரேஷன். மற்றபடி நலம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

நிகிலுக்கு டொரான்டோவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான வேலை நடக்கிறது. ஒவ்வொரு காகிதமும் மூன்று முறை பார்க்கிறார்களாம். அப்பா அம்மா பெயரில் வழக்கு, தகராறு ஏதாவது உண்டா என்றுகூடக் கேட்பார்களோ என்று அவனுக்குப் பயம். அவன் வீட்டுக்காரக் கிழவி, இத்தாலிக்காரி, தானாகவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நல்ல பையன், பனி விழுந்தால் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான் என்று. யார் பெற்ற பிள்ளைக்கோ! எவ்வளவு நல்ல மனுஷி பார்.

வதனி விஷயம் வருத்தமாக இருக்கிறது. பாவம். ஆனால் அக்கா, நீ வயதானவள், தனியாக இருக்கிறாய். இதில் ரொம்ப இறங்காதே. ஊரப்பாக்கம் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமே அவள்? ஒப்பந்தம் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அச்சுதன்

*

சேலையூர்
10.3.2024

அன்புள்ள அச்சுதா,

நலம். ரோஹிணி ஒத்தடத்தோடு நிற்காமல் டாக்டரைப் பார்க்கட்டும். உன் கண்ணைத் தள்ளிப் போடாதே. தள்ளிப் போடுவது உனக்குக் கைவந்த கலை.

வதனிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அடையாளத்தை மறைத்து, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் உறவுக்காரியாக நடித்து வாழ்ந்தாள் என்று காரணம் போட்டிருக்கிறது. நாலு பேர் சொன்ன நாலு உறவுகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. கருணையோடு சொன்னதெல்லாம் அவளுக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது.

அவள் போனால் என்ன ஆகும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் யாருக்கு எதிராகச் சாட்சி சொன்னாளோ அந்த ஆட்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

பம்மலில் ஒரு தையல் பள்ளியின் மாடியில் சில வக்கீல்களும் வேறு பலரும் சேர்ந்து இப்படி வந்தவர்களுக்குச் சட்ட உதவி செய்கிறார்கள். கட்டணம் கிடையாது. ஷீலா என்ற வக்கீல் வதனியின் காகிதங்களைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், பேச்சில் சுற்றி வளைப்பது இல்லை, எனக்குப் பிடித்தது. “மேடம், எதிரி சொல்ற பொய்யை நான் உடைச்சிடுவேன். வேண்டியவங்க சொல்ற பொய்யைத்தான் உடைக்க முடியாது” என்றாள். பிறகு, “போலீஸ்கிட்ட உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நீங்கதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வைத்தீஸ்வரன் பக்கத்தில்தான் இருந்தார். கூரையைப் பார்த்தார்.

இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. வதனி இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை. தினமும் நாலரை மணிக்குக் காபிக்கு வருவாள், உனக்குத் தெரியும். அன்றிலிருந்து வரவில்லை. நானே போய்க் கதவைத் தட்டினேன். கோபமா என்று கேட்டேன்.

“இல்லை அன்ரி. நீங்கள் சொன்னதுதான் சரி. நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்” என்றாள். பிறகு, “ஆனா எல்லாரும் சொந்தம் சொந்தம் எண்டு சொல்லேக்க, நீங்கள் மட்டும் ‘இல்லை’ எண்டு சொன்ன மாதிரி... அது காதுக்குள்ளேயே நிக்குது” என்றாள்.

நான் சொன்ன விஷயத்தில் தவறில்லை. சொன்ன குரலைப் பற்றி இப்போது யோசிக்கிறேன். மாணவியை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற குரல் அது.

உயர் நீதிமன்றத்தில் ஷீலா மனுப் போடுகிறாள். வீட்டுச் சொந்தக்காரரையும் போலீஸ் விசாரிக்கும் என்கிறாள். உன்னை யாராவது அழைத்தார்களா? அதற்குப் பதில் எழுது.

அக்கா

*

நாக்பூர்
21.3.2024

அன்புள்ள அக்கா,

நலம், நலமே நாடுகிறேன். இங்கே வெயில் இப்போதே நாற்பதைத் தொடப் பார்க்கிறது. ஆரஞ்சு வரத்து முடிந்தது. ரோஹிணி டாக்டரைப் பார்த்தாள், தேய்மானம்தானாம். நிகில் அடுத்த வாரம் ஏதோ நேர்காணல் என்றான், வேண்டிக்கொள்.

தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. காய்கறிக் கடையில் நின்றிருந்தேன், சரியாகக் கேட்கவில்லை. இந்த ஊர்ச் சத்தம் உனக்குத் தெரியாததா?

வதனிக்கு என் ஆறுதலைச் சொல். கடவுள் இருக்கிறார்.

அச்சுதன்

*

சேலையூர்
8.4.2024

அன்புள்ள அச்சுதா,

நல்ல செய்தி முதலில். நோட்டீஸுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறது. வழக்கு முடியும் வரை வதனியை அனுப்ப முடியாது. நாங்கள் எல்லோரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நீதிமன்றத்துக்குப் போனோம். வைத்தீஸ்வரன் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. தடை என்றதும் வதனி தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே வந்த பிறகுதான் மூச்சு விட்டாள், எனக்குக் கேட்டது.

ஆனால் இது தற்காலிகம். அரசுத் தரப்பு இரண்டு காரணங்களைச் சொல்கிறது. ஒன்று, அந்த நாலு உறவுமுறை. இன்னொன்று, வீட்டுச் சொந்தக்காரர் போலீஸிடம் போனில் சொன்னது. அவர் என்ன சொன்னார் என்பதை நீதிமன்றத்தில் வாசித்தார்கள். நானும் கேட்டேன்.

அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

உன் கண்ணுக்கு நாள் குறித்தாகிவிட்டதா? ஆபரேஷனுக்குப் பிறகு தலையைக் குனியாதே, பாரம் தூக்காதே. நிகிலின் நேர்காணல் நல்லபடி முடிந்ததா? அந்த இத்தாலிக்கார அம்மாளின் பெயர் என்ன? நீ எழுதவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அக்கா

*

சேலையூர்
19.5.2024

அன்புள்ள அச்சுதா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கிறாய் என்று ரோஹிணி குறுஞ்செய்தி அனுப்பினாள். ஆகவே இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டட்டும்.

நான் நலம். இங்கே அனல்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டோம். ஷீலா வந்தாள். அவளோடு பள்ளிக்கரணையிலிருந்து இரண்டு குடும்பங்கள், இதே நிலைமையில் இருப்பவர்கள். பதிவு செய்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களை முடிவு தெரியாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று எல்லோருமாக ஒரு மனுத் தயாரிக்கிறார்கள். நம் சங்கமும் அதில் சேரத் தீர்மானம் போட்டோம். வைத்தீஸ்வரன் முன்மொழிந்தார். எனக்கே நம்ப முடியவில்லை.

அடுத்தது பிரமாணப் பத்திரங்கள். ஷீலா தெளிவாகச் சொன்னாள்: அன்று சொன்னது பொய் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். போலீஸிடம் பொய் சொன்னதற்கு அவர்களையே கேள்வி கேட்கலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். மேலே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

“நான் ரிட்டையர்ட் கவர்மென்ட் சர்வன்ட் மாமி. பென்ஷன்ல கை வெப்பாளா?” என்றார் வைத்தீஸ்வரன்.

“தெரியல சார். இருக்காதுன்னு நெனைக்கிறேன். உறுதியா சொல்ல மாட்டேன்” என்றாள் ஷீலா. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

தனம்தான் முதலில் எழுந்தாள். “இன்னா சார் இது, பொய்ய மட்டும் போட்டி போட்டுகினு சொன்னீங்க! எம் பேர மொதல்ல எழுதும்மா. அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒரு பொய்யும் சொல்லச் சொல்லல. நானாத்தான் அடிச்சு வுட்டேன்.”

நான் பாடம் நடத்திய கான்வென்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் மீதாவது புகார் வந்தால், பார்த்தது, கேட்டது, நினைத்தது என்று மூன்றையும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். நினைத்ததை எழுதிய தாளை ஸிஸ்டர் படிக்காமலே கிழித்துவிடுவார். அதையே செய்தேன். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

“எனக்கு அவளைப் பத்தி என்ன தெரியும் மாமி?” என்றார் வைத்தீஸ்வரன்.

“இதை அன்னைக்கே போலீஸ்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றேன். அந்தோணிசாமிகூடச் சிரித்துவிட்டார்.

பிறகு வைத்தீஸ்வரனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. டிசம்பர் மழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோது அவர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தவர்கள் வதனியும் அந்தோணிசாமியும். “அப்போ நீங்க என்ன செஞ்சீங்க சார்?” என்று ஷீலா எழுதிக்கொண்டே கேட்டாள். “பின்னாடி குடை பிடிச்சேன்” என்றார். அதையும் எழுதச் சொன்னேன். பார்த்தது பார்த்ததுதான். கையெழுத்துப் போட்டார்.

ப்ரியா தன் மாமியார் இடுப்பு முறிந்து கிடந்தபோது வதனி பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். நாலு பேரும் ஒப்புக்கொண்டார்கள், அச்சுதா. இனி நாலு உறவுமுறை இல்லை.

என் பத்திரத்தில் ‘மனுதாரருக்கு என்ன உறவு’ என்று ஒரு வரி இருந்தது. ‘உறவு இல்லை. அண்டை வீட்டுக்காரி’ என்று போட்டேன். வதனி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

“இப்பவும் இல்லை எண்டுதான் போட்டிருக்கிறியள், அன்ரி” என்றாள்.

“ஆமாம். அடுத்த வரியை வாசி” என்றேன்.

அடுத்து நான் எழுதியது: ‘தினமும் மாலை நாலரை மணிக்கு என் வீட்டுக்குக் காபிக்கு வருவாள். பிப்ரவரிக்குப் பிறகு வரவில்லை. அதற்குப் பின்னும் நான் இரண்டு டம்ளர் கலந்தேன். ஒன்றை ஆறவிட்டுக் கொட்டினேன்.’ இது சட்டத்துக்குத் தேவையில்லை மேடம் என்றாள் ஷீலா. நான் கண்டது இது, இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் நாலரைக்கு அழைப்பு மணி அடித்தது.

மிச்சம் ஒரே ஒரு பத்திரம்தான், வீட்டுச் சொந்தக்காரருடையது. அது இல்லாமலும் ஷீலா வாதாடுவாள். இருந்தால் வழக்குக்கு வேறு பலம் என்கிறாள். ஜூலையில் விசாரணை. இதையும் நான் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

நாக்பூர்
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டையும் ரோஹிணிதான் வாசித்துக் காட்டினாள். ஏப்ரல் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்ததால் அவளைத் தடுக்க முடியவில்லை. ‘அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை’ என்ற இடத்தில் நிறுத்தினாள். “எதைப் பத்தி?” என்று கேட்டாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று, தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

காய்கறிக் கடையில் எனக்கு நன்றாகக் கேட்டது, அக்கா. உங்கள் வீட்டில் இருக்கும் இலங்கைப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்த இன்ஸ்பெக்டர். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு நிகிலின் காகிதங்கள்தான் கண்முன் வந்தன. “முன்னே ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது” என்றேன். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தால் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தீபாவளிக்கு அவளோடு வீடியோவில் பேசி, முறுக்கு எப்படிப் பிழிந்தாய் என்று கேட்டவன் நான்.

மூன்றாம் நாள் ரோஹிணி, “அந்த இத்தாலிக்காரி ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லியிருந்தா நம்ம பிள்ளை எங்க நின்னிருப்பான்?” என்று மட்டும் கேட்டாள். அவள் பெயர் கார்மெலா. நீ கேட்டிருந்தாய்.

நேற்று நோட்டரியிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். வதனியை அவள் சொந்தப் பெயரில், அவள் ஊர் தெரிந்தே, நான் குடிவைத்தேன். இன்றும் என் சம்மதத்தோடுதான் இருக்கிறாள். புது ஒப்பந்தம் போடாதது என் அலட்சியம். போலீஸிடம் சொன்னது பயத்தால் சொன்னது. இவ்வளவும் அதில் இருக்கிறது. நீ சொன்ன மாதிரி, நினைத்ததை விட்டுவிட்டேன். பதிவுத் தபாலில் ஷீலாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நோட்டரியிடம் போகும் முன் நிகிலிடமும் சொன்னேன். “நீங்க அவங்களுக்கு லெட்டர் குடுங்கப்பா” என்றான்.

வதனியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடமும்.

அச்சுதன்

*

சேலையூர்
27.6.2024

அன்புள்ள அச்சுதா,

கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே. ரோஹிணிக்கு என் அன்பு. இந்த முறை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

உன் பத்திரம் வந்து சேர்ந்தது. ஷீலா அதை இரண்டு முறை படித்துவிட்டு மேஜையில் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். வதனியிடம் நானே வாசித்துக் காட்டினேன். “அங்கிள் பயந்துபோனார் போல. எனக்குப் பயம் தெரியும் அன்ரி, நான் ஒண்டும் நினைக்கேல்லை” என்றாள்.

நான் நினைத்தேன். ஏப்ரலில் நிறைய நினைத்தேன். அதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

அக்கா

*

சேலையூர்
2.10.2024

அன்புள்ள அச்சுதா,

என் முழங்கால் ஒரு வாரமாக முனகவில்லை. நீயும் ரோஹிணியும் நலம் என்று நினைக்கிறேன். நிகிலுக்கு அனுமதி கிடைத்த செய்தியை ரோஹிணி சொன்னாள். கார்மெலா அம்மாளுக்கு இங்கிருந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறேன், என் நல்ல கையெழுத்தில்.

இங்கே முடிவு வந்துவிட்டது. நோட்டீஸை நீதிமன்றம் ரத்து செய்தது. வதனி எதையும் மறைக்கவில்லை, மற்றவர்கள் தாமாகச் சொன்னதற்கு அவள் பொறுப்பில்லை, அவளுடைய மனுவை விசாரித்து முடிவெடுக்கும் வரை அவளை அனுப்பக் கூடாது. இது ஆகஸ்டில். அந்தப் பெரிய மனுவோடு ஷீலாவின் கூட்டம் பதிவு அலுவலகத்துக்குப் போனபோது நானும் போனேன். வெயிலில் வரிசையில் நின்றேன். பள்ளிக்கரணைக் குடும்பங்கள் எனக்கு முன்னால், வைத்தீஸ்வரன் எனக்குப் பின்னால், குடையோடு. இந்த முறை குடை எனக்கு.

நேற்று அனுமதி வந்தது. ஓர் ஆண்டு தங்கலாம், பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். பள்ளிக்கரணைக்காரர்களில் ஒரு குடும்பத்துக்கு வந்துவிட்டது, இன்னொன்றுக்கு இன்னும் வரவில்லை. அதற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை பம்மலில் கூட்டம். நான்தான் தலைமை.

ஓர் ஆண்டு பெரிதில்லை என்று நினைக்காதே. வதனி அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் என்ன செய்தாள் தெரியுமா? பால்கனிக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வைத்தாள். “ஒரு வருசத்திலை இலை கிள்ளலாம், என்ன அன்ரி?” என்று கேட்டாள். கிள்ளலாம், தண்ணீரை அளவாக ஊற்று என்றேன்.

மாலையில் எல்லோரும் கீழே கூடினார்கள். தனம் கேசரி செய்து கொண்டுவந்தாள். “மாமி, அன்னிக்கு நீ சொந்தமில்லன்னு சொன்னதும் எனக்கு வந்துச்சு பாரு கோவம்! உன் வூட்டுப் படிய ஒரு வாரம் பெருக்காமயே வுட்டேன், தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன், தூசியைப் பார்த்தேன். வைத்தீஸ்வரன் என்னைப் பற்றிச் சொன்னது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எழுத்தில் தாருங்கள் என்றேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். நான் அதில் இல்லை.

இப்போது உன் விஷயம். வதனி உன் எதிரே வந்து நின்றால் நீ என்ன சொல்வாய் என்று கவலைப்படுகிறாய். ஒன்றும் சொல்ல வேண்டாம். இத்துடன் புதிய வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கிறேன், பதினோரு மாதத்துக்கு. குடியிருப்பவர் இடத்தில் அவள் முழுப்பெயர், அவள் ஊர். ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று எங்கேயும் இல்லை. குடியிருப்பவள் என்றே இருக்கட்டும். அப்படி இருந்தால்தான் அவளை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

போன் செய்து “சரி அக்கா” என்று சொல்லாதே. உனக்குச் சம்மதமா, இல்லையா? எழுத்தில் பதில் போடு.

உன் அக்கா,
காமு